வீடும் விளக்கும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் வீட்டைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆசிரியர் ஒரு நாளில் ஏழு மணி நேரமே மாணவனோடு இருக்கின்றார். எஞ்சிய நேரமெல்லாம் அவனை ஆளுவது வீடு. சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழ் அமர்ந்து எந்தப் பிள்ளையால் கணக்குப் போட இயலும்? அடுப்புப் புகை சூழ்ந்த ஒற்றை அறையில் எந்தக் கண்ணால் எழுத்தைப் பார்க்க இயலும்? விறகு பொறுக்கச் சென்ற சிறுமியின் பெயர் வருகைப் பதிவேட்டில் விடுபட்டுப் போவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம். ஆதலின் வீட்டைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதேயாகும்.

இக்காலத்தில் சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்பது எங்கும் பேசப்படும் பொருளாகிவிட்டது. மண்சுவரின் குளிர்ச்சியையும் ஓலைக் கூரையின் எளிமையையும் நகரத்து அறிஞர்கள் போற்றுகின்றனர். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆயினும், மண்ணும் ஓலையும் நமக்குப் புதியன அல்ல. நாம் விரும்பித் தேர்ந்தவையும் அல்ல. பிறர் நம்மேல் சுமத்திய மண் வேறு. அறிவைக் கொண்டு நாமே தேர்ந்தெடுக்கும் மண் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்து நடத்தலே நமக்கு நன்மை தரும் என்பதே இவ்வுரையின் கருத்து.

சேரியும் வீடும்

பழைய நாளில் சேரியின் மனை சேரியில் வாழ்ந்தவனுக்கு உரியதாக இருக்கவில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அளித்த அறிக்கையில், நம் மக்கள் குடியிருந்த மனைகள் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தமையை எடுத்துக்காட்டினார். எதிர்த்து ஒரு சொல் பேசியவன் குடியிருந்த இடத்தைவிட்டே விரட்டப்படும் நிலை அன்று இருந்தது. அவ்வறிக்கையைத் தொடர்ந்தே 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. நாளை இருப்போமோ, விரட்டப்படுவோமோ என்று அறியாதவன் கல்லால் சுவர் எழுப்புவானா? நம் முன்னோர் குடிசையில் வாழ்ந்தமைக்கு அவர்தம் அறியாமை காரணமன்று, உரிமையின்மையே காரணம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் 1931இல் நம் மக்கள்மீது பல தடைகளை விதித்தனர். நம் பெண்கள் செம்பு, பித்தளைக் குடங்களில் நீர் எடுத்தல் கூடாது, மண்குடத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறுதல் கூடாது என்பது மற்றொன்று. மண்குடமும் கல்லாமையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன என்பதை இளைஞர்கள் மறத்தல் ஆகாது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். ஓலைக் கூரையின் எளிமையைப் போற்றுவோர் அந்த இரவையும் நினைத்தல் வேண்டும்.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. குடியிருந்த மனையை உழவுத் தொழிலாளர்க்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல் இயற்றப்பட்டது. நம் மக்களுக்கு வீடு கட்டித் தருவதற்கென 1974இல் தாட்கோ நிறுவப்பட்டது. நடுவணரசின் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியது. இவற்றால் ஓலை போய் ஓடு வந்தது. ஓடு போய்க் கான்கிரீட் தளம் வந்தது.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 2012 நவம்பர் 7ஆம் நாள் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீயிடப்பட்டன. அவற்றுள் பல, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று உடலுழைப்பால் ஈட்டிய பொருளைக் கொண்டு எழுப்பிய நல்ல வீடுகள். வீட்டோடு பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் எரிந்தன. நம்மிடம் உறுதியான வீடு எழுவதே சிலர் கண்ணுக்குப் பொறுக்காத நாட்டில், வீடு என்பது வெறும் கூரையன்று, அது மானத்தின் அடையாளம் என்பதைப் பிறர் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே, நல்ல வீடு வேண்டும் என்னும் நம் வேட்கையை ஒருபோதும் விட்டுக்கொடுத்தல் கூடாது. அவ்வீட்டை இன்னும் குளிர்ச்சியாகவும், செலவு குறைந்ததாகவும், உடல்நலத்திற்கு ஏற்றதாகவும் அமைப்பது எங்ஙனம் என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

குத்தம்பாக்கம் காட்டிய வழி

இதற்கு விடை நூல்களில் மட்டுமன்றி நம் தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலும் உண்டு. சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம் என்னும் ஊராட்சி இருக்கின்றது. அவ்வூரில் நம் சமூகத்திற் பிறந்த இளங்கோ ரங்கசாமி அவர்கள் வேதிப் பொறியியல் பயின்று, நல்ல பணியில் அமர்ந்திருந்தவர். அப்பணியைத் துறந்து ஊர் திரும்பிய அவர் 1996இல் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாராயத்திற்கும் சாதிச் சண்டைக்கும் பெயர்போன ஊர் அது.

எல்லாச் சாதியினரும் ஓரிடத்தில் வாழ வேண்டும் என்னும் நோக்குடன் தமிழ்நாட்டரசு அக்காலத்தில் பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. முதலாவது சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது நம் மக்களுக்கு என்பது அதன் விதி. குத்தம்பாக்கத்திற்கும் அத்திட்டம் வந்தபோது, இளங்கோ அவர்கள் அதனை ஒருபடி உயர்த்தினார். நூறு தனி வீடுகளுக்கு மாற்றாக ஐம்பது இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஒரு சுவருக்கு இப்பக்கம் ஆதி திராவிடர் குடும்பம். அப்பக்கம் பிற சாதிக் குடும்பம். இருவர்க்கும் நடுவே நிற்பது ஒரே சுவர்.

அச்சுவர் எதனால் ஆயது? அவ்வூர் மண்ணால் ஆயது. சூளையில் சுட்ட செங்கல்லை வெளியிலிருந்து வாங்காமல், உள்ளூர் மண்ணுடன் சிறிது சிமெண்ட் கலந்து, அழுத்தப் பொறியில் இட்டு, ஊர் மக்களே கற்களைச் செய்தனர். கட்டியவர்களும் ஊர் மக்களே. எனவே வீட்டுக்கென வந்த பணத்தின் பெரும் பங்கு ஊருக்குள் கூலியாகவே தங்கிற்று. கிரானைட் தொழிற்சாலைகள் கழித்து எறிந்த கல் துண்டுகளைக் கொண்டு அவ்வூரில் வடிகால்களும் அமைக்கப்பட்டன. கிரானைட் கழிவு குவிந்து கிடக்கும் நம் வட்டாரத்திற்கு இதுவும் ஒரு பாடம்.

குத்தம்பாக்கத்தில் மண் தாழ்வின் அடையாளமாக இல்லை. பொறியியல் கற்ற நம் சமூகத்து மனிதர் ஒருவர் அதனைத் தம் அறிவால் தேர்ந்தெடுத்தார். அம்மண்ணே சாதிகளுக்கிடையே பொதுச் சுவராக எழுந்தது. நாம் முற்கூறிய வேற்றுமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சுவரும் கூரையும்

அழுத்திய மண்கல்லின் செய்முறையை இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் கிடைக்கும் சரளை கலந்த செம்மண் இதற்கு ஏற்றது. கரிசல் மண் ஏற்றதன்று; அது நனைந்தால் விரியும், காய்ந்தால் வெடிக்கும். சலித்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சிமெண்ட் கலந்து, அளவாக நீர் தெளித்து, பொறியில் அழுத்தி எடுத்தல் வேண்டும். பின்னர் நிழலில் அடுக்கி, நான்கு வாரம் ஈரம் காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். கருங்கல் கடைக்காலும், மழைச்சாரல் சுவரில் படாதவாறு நீண்ட தாழ்வாரமும் அமைத்தால் இச்சுவர் தலைமுறை கடந்து நிற்கும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் 1974இல் தொடங்கிய ஆஸ்ட்ரா என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையமும், ஆரோவில் மண் கட்டுமான நிறுவனமும் இம்முறையை ஆராய்ந்து பயிற்சியளித்தவை.

சூளைக்கு விறகு வேண்டும். விறகுக்கு மரம் விழும். மேலும், செங்கல் சூளையில் முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு அடைபட்டவர்கள் யார் என்பது இம்மன்றத்தில் அமர்ந்திருப்போர்க்குத் தெரியும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் அக்கொடுமை முற்றும் ஒழிந்திலது. ஊரார்க்கெல்லாம் செங்கல் சுட்டவன் தான் மட்டும் தோகைக் குடிசையில் வாழ்ந்தான். சுடாத கல் சூளையின் தேவையைக் குறைக்கும். நம் மக்களின் உழைப்பையும் நம் ஊரிலேயே நிறுத்தும்.

செங்கல்லாலேயே கட்ட விரும்புவோர்க்கும் சிக்கன வழி உண்டு. இங்கிலாந்திற் பிறந்து, 1945இல் இந்தியாவிற்கு வந்து, கேரளத்தில் எளியவர்க்கு வீடு கட்டிய லாரி பேக்கர் அவர்கள் எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைப் பரப்பினார். செங்கற்களைப் படுக்க வைக்காது விளிம்பில் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அம்முறை. இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். இடையிலுள்ள காற்று வெயிலின் வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும்.

முன்னரே கான்கிரீட் வீடு கட்டி முடித்தவர்கள் வருந்த வேண்டுவதில்லை. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலே அறையின் வெப்பம் கண்கூடாகக் குறையும். எதிரெதிரே இரு சன்னல்களும், மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரமும் இருந்தால் இன்னும் நலம்.

அடுப்பு

வீட்டினுள் நம் தாய்மாரை வருத்துவது அடுப்புப் புகை. விறகு, வறட்டி முதலியவற்றின் புகையால் வீட்டினுள்ளேயே காற்று நஞ்சாவதால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவருட் பெரும்பாலோர் ஏழை நாட்டு மக்களே.

1983 முதல் நடுவணரசு புகையில்லா அடுப்புகளைப் பரப்பியது. புகைபோக்கியைத் துடைக்கவும் பழுது பார்க்கவும் ஊரில் ஆள் இல்லாதபடியால் அவற்றுட் பல கைவிடப்பட்டன. தமிழ்நாட்டரசு 2007இல் இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. நடுவணரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. ஆயினும், 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நூற்றுக்கு 59 வீடுகளே தூய எரிபொருளால் சமைத்தன. உருளையை ஒருமுறை இலவசமாகப் பெறுதல் எளிது. தீர்ந்தபின் விலை கொடுத்து நிரப்புதல் கூலிக் குடும்பத்திற்குக் கடினம்.

சாண எரிவாயு இதற்கு ஒரு மாற்று. தீனபந்து என்னும் எளிய கலன் 1984இல் உருவாக்கப்பட்டது. ஒரு கன மீட்டர்க் கலனுக்கு நாள்தோறும் 25 கிலோ சாணம் வேண்டும். மாடு ஒன்று நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் இடும் எனக் கொண்டால், இரண்டு மூன்று மாடுகள் வேண்டும். ஒரு மாடே உள்ள வீட்டுக்கு இது கைகூடாது. இரு வீட்டார் சேர்ந்தால் கைகூடும். நமக்கு அண்மையிலுள்ள கர்நாடகத்தின் பாகேபள்ளி வட்டாரத்தில், கூலிச் சங்கம் என்னும் அமைப்பில் ஒன்றுபட்ட ஏழைக் குடும்பங்களுக்காக 5,500 சாண எரிவாயுக் கலன்கள் அமைக்கும் திட்டம் 2005இல் ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சிச் செயல்முறையில் பதிவு பெற்றது. காட்டு விறகு மிஞ்சுவதற்கு ஈடாக வெளிநாட்டார் பணம் தந்தனர். தனித்தனியே எளியவராயினும் சங்கமாகச் சேர்ந்தமையால் அவர்கள் இதனைப் பெற்றனர்.

விளக்கு

தமிழ்நாட்டரசு 2011-12இல் சூரிய ஒளி மின்வசதியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. முதலில் ஒரு வீட்டுக்கு 1,80,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது; அதில் 30,000 ரூபாய் ஐந்து சூரிய விளக்குகளுக்கு உரியது. மழைநீர்ச் சேமிப்பும் உடன் அமைந்தது. அத்திட்டத்தால் நம் மக்கள் பலர் வீடு பெற்றனர். பின்னர் 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசைகளுக்கு மாற்றாக 360 சதுர அடி வீடு கட்ட மூன்றரை இலட்சம் ரூபாய் வழங்கியது.

பசுமை வீடுகளில் நாம் கண்டறிந்த பாடம் ஒன்று உண்டு. சூரியப் பலகை இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். மின்கலமோ ஐந்தாறு ஆண்டுகளில் ஓயும். மின்கலத்தை மாற்றப் பணமும், பழுது நீக்க ஆளும் இல்லாத இடங்களில், கூரைமேல் பலகை பளபளக்க, வீட்டினுள் விளக்கு அணைந்து கிடக்கின்றது. பொருளை அரசு தரும். அதனைப் பேணும் அறிவை நாம்தாம் ஈட்டுதல் வேண்டும்.

மின்சாரத்தில் முதலாவது செய்ய வேண்டுவது சிக்கனம். 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகின்றது. ஐந்து குண்டு பல்புகள் நான்கு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட் செலவாகும், ஐந்து எல்.இ.டி. விளக்குகளுக்கு 0.18 யூனிட் போதும். பழைய மின்விசிறி 75 வாட் உண்ணும். புதுவகை விசிறி 28 வாட்டில் சுழலும். 2016இல் தமிழ்நாட்டரசு வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்க ஆணையிட்டது. சிக்கனமாக வாழும் சிறு குடும்பம் அவ்வளவினுள்ளேயே அடங்கிவிடலாம். அத்தகைய வீட்டார் கடன் வாங்கிச் சூரியப் பலகை பொருத்துவதால் பெரும் பயன் இல்லை. விற்பனையாளர் சொல்லுக்கு மயங்குதல் வேண்டா.

மின்கட்டணம் மிகுதியாகக் கட்டும் வீட்டார்க்குக் கணக்கு வேறு. ஒரு கிலோவாட் பலகைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் படாத கூரை வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன.

தனி வீட்டைக் காட்டிலும் பொது இடத்தில் இது சிறப்பாகப் பயன்படும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை வாரியத்திற்கு விற்றுக் கடனையும் அடைத்தது. ஓர் ஊராட்சிக்கு இது இயலுமாயின், நம் சங்கத்தின் இரவுப் படிப்பகத்திற்கு ஒரு சூரியப் பலகையும் மின்கலமும் அமைத்தல் இயலாததா? தேர்வுக் காலத்தில் மின்தடை ஏற்பட்டாலும் அங்கு விளக்கு அணையாது.

கூரை தரும் நீர்

கூரையைப் பற்றிப் பேசுங்கால் நீரையும் கூறுதல் வேண்டும். நம் மாவட்டத்துப் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லி கிராமைக் கடந்தால் அது பல்லைக் கறையாக்கும். பெருகினால் எலும்பை வளைக்கும். இதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது. மழைநீரிலோ இந்நஞ்சு இல்லை. 300 சதுர அடிக் கூரை 28 சதுர மீட்டராகும். ஆண்டில் 800 மில்லி மீட்டர் மழை பெய்தால் 22,400 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறத்தாழ 18,000 லிட்டர் எஞ்சும். 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்று நிறைந்தால், நாளொன்றுக்கு 40 லிட்டர் வீதம் நான்கு மாதம் குடிக்கவும் சமைக்கவும் போதும். முதல் மழையை வெளியே விட்டு, பின்வருவதை மணலிலும் கரியிலும் வடித்து, காய்ச்சிக் குடித்தல் வேண்டும்.

இளைஞர் கடமை

இறுதியாக இளைஞர்களுக்குச் சில சொற்கள்.

முதலாவது, பட்டா. மனை நம் பெயரில் இல்லையேல் மற்றவை எல்லாம் வீண். படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவில் பட்டா இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்திற்கு மனு எழுதித் தருதல் வேண்டும். இயன்றவரை பட்டா பெண்கள் பெயரில் அமையட்டும்.

இரண்டாவது, தொழில். மண்கல் அறுத்தல், எலிப்பொறிக் கட்டு, சூரியப் பலகை பொருத்துதல், மின்கலம் பேணுதல் ஆகியவை இன்று ஊதியம் தரும் தொழில்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றோர்க்கென 2015இல் சூரியமித்ரா என்னும் பயிற்சி தொடங்கப்பட்டது. இராசத்தான் மாநிலம் திலோனியாவில் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, எழுத்தறியாத கிராமத்துப் பெண்களைச் சூரிய மின் பொறியாளர்களாக ஆக்கிக் காட்டியது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய நம் பெண்களால் இயலாதது என்ன இருக்கின்றது?

மூன்றாவது, ஒற்றுமை. பாகேபள்ளியிலும் ஓடந்துறையிலும் குத்தம்பாக்கத்திலும் வென்றது தனி மனிதரின் பணமன்று. கூடி நின்ற மக்களின் உறுதி. மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால், ஓய்ந்த மின்கலங்களை மாற்றும் நிதி ஒன்றை நம் சங்கமே நடத்தலாம். வெள்ளி விழா ஆண்டில் அந்நிதி தொடங்கப்பட வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

எழுத்தறிவு கூடாது என்று விதித்தவர்களின் காலத்தைக் கடந்து நாம் இம்மன்றத்தில் கூடியிருக்கின்றோம். பெற்ற அறிவு ஏட்டோடு நில்லாமல், நாம் எழுப்பும் சுவரிலும், தாய் சமைக்கும் அடுப்பிலும், பிள்ளை படிக்கும் விளக்கிலும் விளங்குதல் வேண்டும். அவ்வாறு செய்வோமாயின், பொன்விழாவில் பேச வருபவர் இப்பொருளைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இராது.